டஸ்கலூசாவும் காலேஜ் ஸ்டேஷனும்: இரு நாற்காலிகளின் வரலாறு

1957-ஆம் ஆண்டு நவம்பர் நடுப்பகுதியில், அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் தரவரிசையில் முதலிடத்தில் நின்றது டெக்சாஸ் ஏ அண்ட் எம் கல்லூரியின் அணி. எட்டு ஆட்டங்கள், எட்டு வெற்றிகள். அதே வேளையில் அலபாமா பல்கலைக்கழகத்தின் அணி, மூன்றாண்டுகளில் நான்கே நான்கு ஆட்டங்களை வென்று, இருபத்து நான்கில் தோற்று, இரண்டைச் சமனில் முடித்து, தென்மாநிலங்களின் கேலிப்பொருளாகிக் கிடந்தது. அந்த முதலிடத்து அணியின் தலைமைப் பயிற்சியாளர் அதை விட்டுவிட்டு இந்தக் கடைநிலை அணிக்குச் செல்லப்போகிறார் என்றொரு செய்தி ஹூஸ்டன் நாளிதழில் கசிந்தது. அடுத்த ஆட்டத்தில் ஏ அண்ட் எம் ரைஸ் பல்கலைக்கழகத்திடம் 7-6 என்று தோற்றது. பிறகு பரம எதிரியான டெக்சாஸ் பல்கலைக்கழகத்திடம் 9-7. ஆண்டிறுதியில் டென்னசியிடம் 3-0. மூன்று தோல்விகளிலும் சேர்த்து ஆறே புள்ளிகள்தாம் வித்தியாசம்.

பயிற்சியாளரின் பெயர் பால் பிரையன்ட். பதின்பருவத்தில் ஊருக்கு வந்த காட்சியொன்றில் கரடியுடன் மல்லுக்கட்ட முன்வந்ததால் ‘பேர்’ என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது, கடைசிவரை உதிரவில்லை. ஏன் போகிறீர்கள் என்று கேட்டவர்களுக்கு அவர் சொன்ன விடை அமெரிக்க விளையாட்டு உலகில் இன்றளவும் நினைக்கப்படுகிறது. தெருவில் விளையாடும் பிள்ளை தாயின் குரல் கேட்டால் ஆட்டத்தை விட்டு வீட்டுக்கு ஓட வேண்டியதுதானே, எனக்கும் அந்தக் குரல் கேட்டது என்றார் அவர். அலபாமாதான் அவர் மாணவராக இருந்து ஆடிய இடம்.

அழகான விடைதான். ஆனால் ஒரு வேலையை விட்டு இன்னொரு வேலைக்குச் செல்லும் மனிதன் சொல்லும் காரணம் முழுக் காரணமாக இருப்பது அரிது என்பது நம்மில் பலருக்கும் அனுபவ உண்மை. ஆகவே இந்த இரண்டு நாற்காலிகளையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. அரை நூற்றாண்டுக் காலத்தில் மனிதர்கள் இவற்றுக்கிடையே இரு திசைகளிலும் நடந்திருக்கிறார்கள் என்பதே இவ்விரண்டைத் தேர்ந்துகொண்டதற்குக் காரணம்.

முதலில் வாசகர்களுக்கு ஒரு விளக்கம். இங்கு ஃபுட்பால் என்பது நாம் அறிந்த கால்பந்தன்று. நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி, பக்கத்துக்குப் பதினொருவராக மோதி முன்னேறும் அமெரிக்க ஆட்டம். 1869 நவம்பர் 6 அன்று ரட்கர்ஸ், பிரின்ஸ்டன் ஆகிய இரு கல்லூரிகளுக்கிடையே நடந்ததை அதன் முதல் கல்லூரி ஆட்டம் என்பர். அன்று ஆடப்பட்டது என்னவோ இன்றைய கால்பந்துக்கே நெருக்கமானது. வணிக அணிகள் பெருகுவதற்கு நெடுங்காலம் முன்பே கல்லூரி அணிகள் மக்களின் மனத்தைப் பிடித்துக்கொண்டன. அலபாமா போன்ற மாநிலத்தில் இன்றும் என்.எஃப்.எல். அணி கிடையாது. அங்கே சனிக்கிழமை என்றால் கல்லூரி ஆட்டம். வாரத்தின் மற்ற நாள்கள் அதைப் பற்றிய பேச்சு.

பயிற்சியாளருக்குக் கல்லூரிகள் பெருந்தொகை கொடுக்கும் வழக்கம் அண்மைக் காலத்துச் சீரழிவு என்று கருதுவோர் உண்டு. அது சரியன்று. 1905-இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகம் பில் ரீட் என்ற இருபத்தாறு வயது இளைஞரை அமர்த்தியபோது, பழைய மாணவர்களின் நிதியையும் சேர்த்து அவருக்குக் கிடைத்தது 7,000 டாலர். ஹார்வர்டின் பேராசிரியர் எவரும் அவ்வளவு பெறவில்லை. முப்பத்தாறு ஆண்டுகளாகத் தலைவராக இருந்த சார்ல்ஸ் எலியட்டின் ஊதியத்தையே அது எட்டிப் பிடித்தது. எலியட்டோ இந்த ஆட்டத்தையே வெறுத்தவர்! 1925-இல் நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற பயிற்சியாளர் நூட் ராக்னி, நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குச் செல்ல ஒப்புக்கொண்டார். செய்தி நாளிதழ்களில் வெளியானதும் பின்வாங்கினார். ஆக, நாற்காலிகளை ஒப்பிடும் கலை நூறாண்டுக்கும் மேற்பட்டது.

இனி அலபாமாவுக்கு வருவோம். டஸ்கலூசா என்ற நடுத்தர நகரில் இருக்கும் அந்தப் பல்கலைக்கழகத்தை நாடறியச் செய்தவர் வாலஸ் வேட். 1926 ஜனவரி முதல் நாள் கலிஃபோர்னியாவில் நடந்த ரோஸ் பவுல் ஆட்டத்தில் அவருடைய அணி வாஷிங்டன் பல்கலைக்கழகத்தை 20-19 என்று வென்றது. அந்த ஆட்டத்துக்கு அழைக்கப்பட்ட முதல் தென்மாநில அணி அது. உள்நாட்டுப் போரில் தோற்ற அவமானமும் வறுமையும் மாறாதிருந்த தென்னகத்துக்கு, அந்த ஒரு புள்ளி வித்தியாசம் விளையாட்டைக் கடந்த வேறேதோவாக இருந்தது. வீரர்கள் ரயிலில் திரும்பியபோது வழிநெடுகக் கூட்டம் கூடி வரவேற்றதாக வரலாறு. அலபாமாவின் நாற்காலிக்கு ஒரு கனம் ஏறியது அன்றுதான். அந்தக் கனம் வரம். பின்னாளில் பலருக்குச் சாபமும் ஆயிற்று.

விந்தை என்னவென்றால் அந்த வேட்டே அலபாமாவை விட்டுச் சென்றார் என்பது. 1930-ஆம் ஆண்டு வசந்த காலத்திலேயே தாம் வடகரோலினாவின் டியூக் பல்கலைக்கழகத்துக்குப் போவதாக அறிவித்துவிட்டு, மிச்சமிருந்த ஒரே பருவத்தில் ஓர் ஆட்டத்தையும் தோற்காமல், மறுபடியும் ரோஸ் பவுலில் வென்று, விடைபெற்றார். பல்கலைக்கழகத் தலைவர் ஜார்ஜ் டென்னி பயிற்சிக் களத்தில் அளவுக்கு மீறி அக்கறை காட்டியவர் என்றும், வேட் விரும்பியது தலையீடற்ற அதிகாரத்தை என்றும் சொல்வதுண்டு. டஸ்கலூசாவின் மைதானத்துக்கு டென்னியின் பெயர். டியூக்கின் மைதானத்துக்கு வேட்டின் பெயர். கட்டடங்கள் சில வேளைகளில் மனிதர்களைவிடத் தெளிவாகப் பேசிவிடுகின்றன.

வேட்டுக்குப் பின் வந்த ஃபிராங்க் தாமஸ், ராக்னியிடம் ஆடியவர். அவரிடம் ஆடியவர்களுள் ஒருவர்தாம் ஆர்கன்சாவின் ஏழை விவசாயக் குடும்பத்திலிருந்து வந்த பிரையன்ட். மறுமுனையில் ஆடிய டான் ஹட்சன் என்ற மேதையின் ஒளியில், பிரையன்டைப் ‘அந்த இன்னொருவர்’ என்றே அழைத்தார்கள்.

காலேஜ் ஸ்டேஷனோ வேறு உலகம். பெயரே சொல்லிவிடுகிறது, கல்லூரிக்காக ரயில் நின்ற இடம், அவ்வளவுதான். 1876-இல் திறக்கப்பட்ட ஏ அண்ட் எம் வேளாண்மையும் பொறியியலும் கற்பித்த கல்லூரி. பிரையன்ட் போன காலத்தில் அங்கு மாணவிகள் இல்லை. மாணவர்கள் படைச்சீருடை அணிந்தார்கள். பெண்களுக்குக் கதவு திறந்தது 1963-இல். பதினெட்டு வயது இளைஞனை அங்கே வந்து ஆடச் சொல்லி அழைப்பது எளிதன்று. நூறு மைலுக்குச் சற்றுத் தள்ளி ஆஸ்டின் நகரில், தலைநகரின் கேளிக்கைகளோடும் மாணவியரோடும் டெக்சாஸ் பல்கலைக்கழகம் காத்திருந்தது. ஏ அண்ட் எம் மாணவனுக்குத் தன் கல்லூரியின் மீது இருந்த பற்றில், அண்ணன் வீட்டுச் செல்வத்தைப் பார்த்துக்கொண்டே வளர்ந்த தம்பியின் வைராக்கியமும் கலந்திருந்தது. ஆட்டம் முடியும்வரை மாணவர் கூட்டம் முழுவதும் எழுந்து நிற்கும் வழக்கம் அங்கு உண்டு. தேவைப்பட்டால் களத்தில் இறங்க நாங்கள் இருக்கிறோம் என்று பொருள். 1939-இல் ஒரு தேசியப் பட்டம் பெற்றார்கள். அதற்குப் பின் அந்த எழுந்து நிற்றல்தான் மிஞ்சியது. ஆயினும் அங்கே படித்து எண்ணெய்க் கிணறுகளால் செல்வரான பழைய மாணவர்கள் இருந்தார்கள். டெக்சாஸ் மாநிலத்தின் உயர்நிலைப் பள்ளிகளோ ஆட்டக்காரர்களை விளைவிக்கும் வளமான வயல்.

பிரையன்ட் அங்கு வந்து சேர்ந்ததே ஒரு கோபத்தின் விளைவு எனலாம். 1945-இல் மேரிலாந்தில் ஓராண்டு இருந்தார். பல்கலைக்கழகத் தலைவர் தம் அதிகாரத்தில் குறுக்கிட்டார் என்று வெளியேறினார். கென்டக்கியில் எட்டுப் பருவங்கள். 1951-இன் முதல் நாளில் ஷுகர் பவுல் ஆட்டத்தில் ஓக்லஹோமாவின் முப்பத்தொரு தொடர் வெற்றிகளை முறித்தார். ஆனால் கென்டக்கி கூடைப்பந்தின் நாடு. அங்கே அரசர் அடால்ஃப் ரப். வெற்றிவிழாவில் ரப்புக்குக் காடிலாக் காரும் தமக்குச் சிகரெட் பற்றவைக்கும் லைட்டரும் தரப்பட்டதாகப் பிரையன்ட் பின்னாளில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அக்கதையில் எவ்வளவு உண்மை, எவ்வளவு மெருகு என்பதைவிட, அதை ஏன் அவர் வாழ்நாள் முழுதும் சொன்னார் என்பதே நமக்கு முக்கியம். தாம் இரண்டாமவராக இருக்கும் வீட்டில் அவரால் தங்க முடியவில்லை. 1954 தொடக்கத்தில் அவர் வெளியேறியபோது நல்ல இடங்கள் பெரும்பாலும் நிரம்பிவிட்டிருந்தன. ஏ அண்ட் எம் காலியாக இருந்தது.

அங்கே அவர் முதலில் செய்தது, ஜங்ஷன் என்ற வறண்ட சிற்றூருக்கு இளைஞர்களைப் பேருந்தில் ஏற்றிச் சென்றதே. பத்து நாள், கொடும் வெயில், தண்ணீர் குடிக்க இடைவேளை கிடையாது. ஏறத்தாழ நூறு பேர் போனார்கள். தாக்குப்பிடித்துத் திரும்பியவர்கள் சுமார் முப்பத்தைந்து பேர். இரவோடிரவாகச் சொல்லாமல் ஓடியவர்கள் பலர். வெப்பத்தாக்கில் சரிந்த ஓர் இளைஞர் உயிர்பிழைத்தது தெய்வச் செயல். இதைப் பின்னாளில் வீரகாவியமாக்கி நூலும் திரைப்படமும் வந்தன. நமக்கு அதில் உடன்பாடில்லை. தண்ணீர் கேட்பதைக் கோழைத்தனம் என்று கருதிய ஒரு காலத்தின் அறியாமை அது, அவ்வளவே. அவ்வாண்டு அணி பத்து ஆட்டங்களில் ஒன்றைத்தான் வென்றது. இரண்டே ஆண்டுகளில், 1956-இல், அதே அணி ஒரு தோல்வியும் இன்றித் தென்மேற்கு மாநாட்டின் பட்டத்தை வென்றது என்பதும் உண்மை. அந்தப் பட்டம் வென்றும் ஆண்டிறுதி ஆட்டத்துக்குச் செல்ல முடியவில்லை. விதிமீறி ஆட்டக்காரர்களைச் சேர்த்ததற்காகக் கல்லூரி தண்டனையில் இருந்தது.

இப்போது 1957-இன் முடிவைத் திரும்பவும் எடை போடலாம். ஏ அண்ட் எம்மில் பிரையன்டுக்குப் பணமிருந்தது, வெற்றியிருந்தது, அதிகாரமும் இருந்தது. ஆனால் சீருடைக் கல்லூரி என்ற வேலி இருந்தது. தண்டனையின் தழும்பு இருந்தது. ஆஸ்டினில் டாரல் ராயல் என்ற கூர்மதியாளர் அவ்வாண்டுதான் பொறுப்பேற்றிருந்தார். அந்த நவம்பரின் 9-7 தோல்வியே அவர் கைவண்ணம். அலபாமாவில் இருந்தது இடிபாடு. ஆயினும் அந்த இடிபாட்டுக்கு அடியில் ரோஸ் பவுலின் நினைவு புதைந்திருந்தது. ஆட்டத்துறையின் இயக்குநர் பதவியும் சேர்ந்தே கிடைத்தது. அதுவரை இயக்குநராக இருந்த ஹேங்க் கிரிஸ்ப்தாம் 1931-இல் பிரையன்டை ஆர்கன்சாவிலிருந்து அழைத்துவந்தவர், அவரே வழிவிட்டார். மேலே குறுக்கிட ஒருவருமில்லை. பக்கத்தில் போட்டியிட ரப் இல்லை. ஆபர்ன் என்ற அண்டை வீட்டுப் பகைவன் அவ்வாண்டு அலபாமாவை 40-0 என்று நசுக்கி, தேசியப் பட்டத்தையும் பெற்றிருந்ததால், மாநிலமே மீட்பனை எதிர்பார்த்துக் காத்திருந்தது. எதிர்பார்ப்பு மிகக் குறைந்திருக்கும் நேரத்தில், நினைவு மட்டும் மிக உயர்ந்திருக்கும் இடத்துக்குச் செல்வதைப் போன்ற புத்திசாலித்தனம் வேறில்லை. தாயின் குரல் கேட்டது பொய்யன்று என்றே கொள்வோம். காது தீட்டியிருந்தது என்பதையும் சேர்த்துக்கொள்வோம்.

அதன் பின்னர் நடந்தது பலரும் அறிந்தது. இருபத்தைந்து பருவங்கள், 232 வெற்றிகள், ஆறு தேசியப் பட்டங்கள். அவ்வணியில் கறுப்பின ஆட்டக்காரர் ஒருவரும் இல்லாமலேயே 1970 வரை காலம் ஓடியது என்பதையும் இவ்விடத்தில் பதிவு செய்ய வேண்டும். அவ்வாண்டு செப்டம்பரில் தென்கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் அணி, சாம் கனிங்ஹம் என்ற கறுப்பினத்தவரின் அபார ஆட்டத்தால் பர்மிங்ஹமில் வந்து 42-21 என்று வென்றுபோனது. அந்த ஓர் ஆட்டமே எல்லாவற்றையும் மாற்றியது என்பது மிகை. வில்பர் ஜாக்சன் என்ற கறுப்பின மாணவர் அதற்கு முன்பே சேர்க்கப்பட்டிருந்தார். மாநிலத்தின் மிகச் செல்வாக்குள்ள மனிதர் இன்னும் முன்பே அதைச் செய்திருக்கலாமே என்ற கேள்வி அவரைப் போற்றுவோரையும் விடாமல் தொடர்கிறது.

1982 டிசம்பரில் ஓய்வுபெற்ற பிரையன்ட் நான்கே வாரங்களில் காலமானார். அந்த நாற்காலி அதுமுதல் வேறு நாற்காலியாயிற்று. அதில் யார் அமர்ந்தாலும் பின்னால் ஒரு நிழல் நின்றது. பில் கரி என்பவர் 1989-இல் முதல் பத்து ஆட்டங்களையும் வென்றார். ஆபர்னிடம் மூன்றாண்டுகளும் தோற்றார். ஒரு தோல்விக்குப் பின் அவருடைய அலுவலகச் சன்னல் வழியே செங்கல் பறந்து வந்தது. அவர் அலபாமாவை விட்டுக் கென்டக்கிக்குச் சென்றார். பிரையன்ட் மூச்சுமுட்டி வெளியேறிய அதே கென்டக்கிக்கு! ஃபுட்பாலை யாரும் உயிர்மூச்சாகக் கொள்ளாத ஊர், ஒருவருக்குச் சிறையாகவும் இன்னொருவருக்கு நிழற்சாலையாகவும் இருந்திருக்கிறது. ஒரு பதவியின் கவர்ச்சியைப் பட்டியலிட்டு அளக்க முடியாதென்பதற்கு இதைவிடச் சான்று நமக்குக் கிட்டவில்லை.

காலேஜ் ஸ்டேஷன் இதற்குள் தன் குறையைப் பணத்தால் நிரப்பத் துணிந்துவிட்டது. 1982 ஜனவரியில் அவர்கள் மிச்சிகனின் போ ஷெம்பெக்லரை விலைபேசினார்கள், அவர் மறுத்துவிட்டார். பிறகு பிட்ஸ்பர்க்கிலிருந்து ஜாக்கி ஷெரில்லைக் கொணர்ந்தார்கள். ஆறாண்டுகளுக்குச் சுமார் 17 லட்சம் டாலர். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் அன்றுவரை எவருக்கும் வழங்கப்படாத தொகை என்று நாடே பேசியது. பேரத்தை நடத்தியவர் ஆட்சிக்குழுத் தலைவரான எண்ணெய்ச் செல்வர் பம் பிரைட். பல்கலைக்கழகத் தலைவரான ஃபிராங்க் வேண்டிவர், ஜெனரல் பெர்ஷிங்கின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய வரலாற்றறிஞர், ஓரத்தில் நிறுத்தப்பட்டார். ஷெரில் 1985 முதல் தொடர்ந்து மூன்று மாநாட்டுப் பட்டங்களை வென்று தந்தார். பிறகு மீண்டும் விதிமீறல், மீண்டும் தண்டனை, 1988 இறுதியில் பதவி விலகல்.

இரண்டு நாற்காலிகளிலும் அமர்ந்தவருள் நம் மனத்துக்கு மிக நெருக்கமானவர் ஜீன் ஸ்டாலிங்ஸ். ஜங்ஷனில் தாக்குப்பிடித்த இளைஞர்களுள் ஒருவர். அலபாமாவில் பிரையன்டின் உதவியாளர். இருபத்தொன்பது வயதில் ஏ அண்ட் எம்மின் தலைமைப் பயிற்சியாளர். 1968 ஜனவரி முதல் நாள் காட்டன் பவுலில் தம் ஆசானின் அணியை 20-16 என்று வென்றார். ஆட்டம் முடிந்ததும் பிரையன்ட் ஓடிவந்து சீடரைத் தூக்கிக்கொண்ட புகைப்படம் மிகப் புகழ்பெற்றது. ஆனால் அந்த ஓராண்டைத் தவிர மற்றவை தோல்வியின் ஆண்டுகள். 1971-இல் ஏ அண்ட் எம் அவரை நீக்கியது. நெடுங்காலம் கழித்து 1990-இல் அலபாமா அவரை அழைத்தது. முதல் மூன்று ஆட்டங்களையும் தோற்றார். ஆயினும் 1992-இல் ஓர் ஆட்டமும் தோற்காமல் தேசியப் பட்டம் பெற்றுத் தந்தார். ஒரு நாற்காலி தூக்கியெறிந்தவரை மற்றொன்று முடிசூட்டியது. ஆள் அதே ஆள்தான்.

2002 டிசம்பரில் எதிர்த்திசைப் பயணம் நடந்தது. அவ்வாண்டு பிப்ரவரியில் அலபாமாவுக்குக் கடுந்தண்டனை விதிக்கப்பட்டிருந்தது: இரண்டாண்டுகளுக்கு ஆண்டிறுதி ஆட்டம் இல்லை, இருபத்தொரு உதவித்தொகை இடங்கள் பறிப்பு. டென்னிஸ் ஃபிரான்ஷியோனி அந்தத் தடையிலும் பத்து ஆட்டங்களை வென்றிருந்தார். நீண்டகால ஒப்பந்தம் அவர்முன் வைக்கப்பட்டது, கையெழுத்திடவில்லை. ஏ அண்ட் எம்மோ, பதினான்கு பருவங்களில் ஒருமுறைகூடத் தோல்விகள் மிகுந்த ஆண்டைக் காணாத ஆர்.சி. ஸ்லோக்கமை அப்போதுதான் விலக்கியிருந்தது. ஃபிரான்ஷியோனி அங்குச் சென்றார். தண்டனை தெரிந்தும் தம்மை நம்பித் தங்கிய ஆட்டக்காரர்களிடம் நேரில் விடைபெறாமலே சென்றார். இதை அலபாமாவில் இன்னும் மறக்கவில்லை.

கணக்குப் பார்த்தால் அவருடைய முடிவு பிரையன்டின் முடிவைவிடப் பகுத்தறிவுக்கு உகந்தது. தண்டனையற்ற கல்லூரி, டெக்சாஸின் வயல்வெளி, கூடுதல் பணம், எந்நேரமும் பின்னால் நிற்கும் நிழல் இல்லை. முதல் பருவத்திலேயே ஓக்லஹோமா அவருடைய அணியை 77-0 என்று புதைத்தது. செல்வர்கள் சிலருக்குக் கட்டணம் வாங்கிக்கொண்டு அணியின் உட்செய்திகளை மடலாக அனுப்பியது 2007-இல் வெளிப்பட்டது. அவ்வாண்டின் இறுதியில் அவர் விலகினார். 32 வெற்றிகள், 28 தோல்விகள்.

அலபாமா அதற்குள் மேலும் கீழே இறங்கியிருந்தது. அடுத்து அமர்த்தப்பட்டவர் ஒரே ஓர் ஆட்டத்தைக்கூட நடத்தாமல் நீக்கப்பட்டார். அதற்கடுத்து வந்த மைக் ஷூலா நான்காண்டுகளில் விலக்கப்பட்டார். 2006 டிசம்பரில் மேற்கு விர்ஜினியாவின் ரிச் ராட்ரிகஸ் அழைப்பை மறுத்துச் சொந்த ஊரிலேயே தங்கினார். (ஓராண்டில் அவர் மிச்சிகனுக்குச் சென்றது வேறு கதை.) அலபாமாவின் நாற்காலியில் அமர ஆளில்லை என்று எள்ளிய நாள்கள் அவை. பிரையன்டிடம் ஆடிய மால் மோர் அப்போது ஆட்டத்துறை இயக்குநர். அவர் மயாமிக்குப் பறந்து, டால்ஃபின்ஸ் என்ற வணிக அணியின் பயிற்சியாளராக இருந்த நிக் சேபனுக்காகக் காத்திருந்தார். தாம் அலபாமாவுக்குப் போகப்போவதில்லை என்று சேபன் செய்தியாளர்களிடம் திட்டவட்டமாகச் சொல்லி இரண்டு வாரம் ஆகவில்லை. 2007 ஜனவரி 3 அன்று மோருடன் விமானமேறினார். எட்டாண்டுகளுக்கு 3 கோடியே 20 லட்சம் டாலர். அவ்வாண்டு ஏப்ரலில், வெறும் பயிற்சி ஆட்டத்தைப் பார்க்க 92,138 பேர் வந்தனர். ஆறு தேசியப் பட்டங்கள் பின்தொடர்ந்தன. 2007-இல் ஏறத்தாழ 25,500 மாணவர்களைக் கொண்டிருந்த பல்கலைக்கழகம் பத்தாண்டில் 38,000-ஐத் தாண்டியது. வெளிமாநிலத்தவர் தரும் உயர்ந்த கட்டணத்தோடு. சேபனுக்குக் கொடுத்த பணம் வீண் என்று பொருளியல் பேசுவோர் அத்துடன் அடங்கினர்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இவ்வளவு பணமும் ஏன் பயிற்சியாளரிடம் போய்க் குவிந்தது? வேறு எவரிடமும் அது போக விதி இடம் தரவில்லை. களத்தில் எலும்பு முறியும் மாணவனுக்கு உதவித்தொகைக்கு மேல் ஒரு காசு கொடுத்தாலும் குற்றம். மாளிகை போன்ற உடைமாற்றும் அறைகள் கட்டலாம். மைதானத்தை இடித்துக் கட்டலாம். பயிற்சியாளரின் ஊதியத்தை ஆண்டுதோறும் ஏற்றலாம். ஆட்டக்காரனை விலைக்கு வாங்க முடியாத சந்தையில், ஆட்டக்காரனைக் கவரக்கூடிய மனிதனுக்கு விலை ஏறியது. அதன் உச்சத்தைத் தொட்டதும் காலேஜ் ஸ்டேஷன்தான். 2012-இல் ஏ அண்ட் எம் தென்கிழக்கு மாநாட்டில் சேர்ந்து அலபாமாவுடன் ஆண்டுதோறும் மோதத் தொடங்கியது. அவ்வாண்டே டஸ்கலூசாவில் வந்து 29-24 என்று வென்றது. 2017 டிசம்பரில் ஃப்ளோரிடா ஸ்டேட்டிலிருந்து ஜிம்போ ஃபிஷரைப் பத்தாண்டுகளுக்கு 7.5 கோடி டாலர் என்று அழைத்துவந்தார்கள். 2021-இல் ஒப்பந்தத்தை நீட்டினார்கள். அவ்வாண்டு அக்டோபரில் அவர் சேபனை 41-38 என்று வென்றார். சேபனின் பழைய உதவியாளர் ஒருவர் சேபனைத் தோற்கடித்தது அதுவே முதல்முறை. 2023 நவம்பரில் அவரை நீக்கியபோது, வேலை செய்யாமல் இருப்பதற்கென்று அவருக்குத் தர வேண்டியிருந்த தொகை 7.6 கோடி டாலர் அளவில் இருந்தது. வரிப்பணம் அன்று, நன்கொடையாளர்களின் பணம் என்றார்கள். இருக்கலாம். பல்கலைக்கழகத்தின் பெயரால் திரட்டிய பணம் நூலகத்துக்கோ ஆய்வுக்கூடத்துக்கோ செல்லாமல் ஒருவரை வீட்டுக்கு அனுப்பச் செலவாவதை அந்த விளக்கம் அழகாக்கிவிடவில்லை.

2021-இல் உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்புக்குப் பிறகு வேலி தளர்ந்தது. மாணவர்கள் தம் பெயராலும் உருவாலும் பணம் ஈட்ட அனுமதி வந்தது. 2025 ஜூனில் ஏற்கப்பட்ட உடன்பாட்டின்படி, ஒவ்வொரு பல்கலைக்கழகமும் முதல் ஆண்டில் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை ஆட்டக்காரர்களுக்கே நேரடியாகப் பகிரலாம். இனி ஒரு பதவியை ஒப்பிடுகிறவர், மைதானத்தின் கொள்ளளவோடும் மூதாதையர் பெருமையோடும், ஆட்டக்காரர்களுக்கென்று எவ்வளவு ஒதுக்குவீர்கள் என்றும் கேட்டாக வேண்டும். அந்தக் கேள்வியில் ஏ அண்ட் எம் எளிதில் தோற்காது.

பயிற்சியாளர் போனால் ஆட்டக்காரனும் போகலாம் என்ற நிலையும் வந்திருக்கிறது. 2024 ஜனவரியில் சேபன் ஓய்வுபெற்றதும், தேசிய இறுதியாட்டத்தை அப்போதுதான் ஆடி முடித்திருந்த வாஷிங்டனிலிருந்து கேலன் டெபோர் இரண்டே நாளில் டஸ்கலூசாவுக்கு அழைக்கப்பட்டார். இரண்டு கல்லூரிகளின் இளைஞர்களும் முப்பது நாள் அவகாசத்தில் தத்தம் வழியைத் தேர்ந்தார்கள். சிலர் அவர் பின்னாலேயே அலபாமாவுக்கு வந்தார்கள்.

1957-இன் ஏ அண்ட் எம் வீரர்களுக்கு அப்படி ஒரு வழி இல்லை. அவ்வணியின் நட்சத்திரம் ஜான் டேவிட் குரோ. நாட்டின் தலைசிறந்த ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் பரிசை அவ்வாண்டு அவர் பெற்றார். பிரையன்ட் தம் வாழ்நாளில் பயிற்றுவித்தவர்களுள் அப்பரிசு பெற்றவர் அவர் ஒருவரே. அலபாமாவின் இருபத்தைந்து பருவங்களிலும் அது வேறொருவருக்கு வாய்க்கவில்லை. குரோ பிறகு வணிக அணிகளில் பதினொரு ஆண்டுகள் ஆடினார். ஆடி முடித்ததும் அவர் முதலில் வேலைக்குப் போன இடம் டஸ்கலூசா. 1969 முதல் மூன்று பருவங்கள் பிரையன்டின் உதவியாளராக இருந்தார். பின்னாளில் காலேஜ் ஸ்டேஷனுக்குத் திரும்பி, 1980-களின் இறுதியில் ஏ அண்ட் எம்மின் ஆட்டத்துறை இயக்குநரானார். பயிற்சியாளர்களைத் தேர்ந்து, பேசி, அமர்த்தும் மேசைக்கு அப்பால் இப்போது அவர் அமர்ந்திருந்தார்.